காவலும் குடிகளும் – 11: மினியாபொலிஸ், ஆயிரம் பேருக்கு 1.7 காவலர்

மினியாபொலிஸ் நகரின் சாசனத்தில் 1961-ஆம் ஆண்டு ஒரு வரி சேர்ந்தது. நகரில் வசிக்கும் ஆயிரம் பேருக்கு 1.7 காவலர் என்ற கணக்கில் குறைந்தபட்சப் போலீஸ் பலத்துக்கு நகரசபை நிதி ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். காவலர் சங்கம் முன்னின்று கேட்ட திருத்தம் அது. வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். அமெரிக்காவில் நகர சாசனம் என்பது அந்த ஊரின் அரசியல் சட்டம். அவ்வப்போது கூடும் நகரசபை ஒரு சாதாரணத் தீர்மானம் போட்டு அதை அழித்துவிட முடியாது. அதே சாசனம் காவல்துறையின் மீதான முழு அதிகாரத்தையும் மேயரிடம் விட்டிருந்தது. உறுப்பினர்கள் கையில் எஞ்சியது பணப்பை ஒன்றுதான்; இந்த வரி வந்தபின் அதிலும் ஒரு வரம்புக்குக் கீழே கைவைக்க வழியில்லை. 2020-இல் தெருவில் எழுந்த கோரிக்கை கடைசியில் வந்து முட்டிய சுவர் இது. ஆனால் அதை எழுப்பிய காலத்தின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

முந்தைய அத்தியாயத்தில் கண்ட டெட்ராய்ட் கலவரம் நடந்த அதே 1967 ஜூலையில் மினியாபொலிஸின் வடபகுதியில், பிளைமவுத் அவென்யூவில், கறுப்பின மக்களின் கோபம் தீயாக மூண்டது. அளவில் அது டெட்ராய்ட்டுக்கு அருகில்கூட வராது. என்றாலும் தேசியக் காவல் படையை வரவழைக்கும் அளவுக்குப் போனது. மறு ஆண்டு இதே ஊரில் ‘அமெரிக்க இந்திய இயக்கம்’ பிறந்தது. ஃபிராங்க்ளின் அவென்யூவின் மதுக்கடைகளுக்கு வெளியே பூர்வகுடி மக்களைப் போலீஸ் எப்படி நடத்துகிறது என்று இரவில் ரோந்து சுற்றிக் கண்காணிப்பதுதான் அதன் முதல் வேலைகளில் ஒன்று. இவற்றுக்கெல்லாம் பெரும்பான்மை வாக்காளர் தந்த பதில் 1969-இல் வந்தது. காவலர் சங்கத் தலைவராக இருந்த துப்பறியும் அதிகாரி சார்லஸ் ஸ்டென்விக், சட்டம் ஒழுங்கு என்ற ஒரே முழக்கத்தோடு மேயர் தேர்தலில் நின்று ஜெயித்தார். தாராளவாத நகரம் என்று வெளியே பெயரெடுத்த ஊரில் போலீஸ் சங்கத்தின் வேர் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சங்கத்தின் பலம் தேர்தலோடு நிற்கவில்லை. பணி ஒப்பந்தப்படி, ஒரு காவலரைத் தலைமை அதிகாரி பணிநீக்கம் செய்தாலும் அவர் நடுவரிடம் முறையிடலாம். நடுவர்கள் பலமுறை நீக்கத்தை ரத்து செய்து ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2019-இல் மேயர் ஜேக்கப் ஃப்ரே, எதிரே வருபவனை எல்லாம் உயிருக்கு ஆபத்தாகப் பார்க்கப் பழக்கும் ‘போர்வீரர்’ வகைப் பயிற்சிக்குத் தடை விதித்தார். சங்கத் தலைவர் பாப் க்ரோல் அதே பயிற்சியை உறுப்பினர்களுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தார்.

இதற்கிடையே சாவுகள். 2015 நவம்பரில் 24 வயது ஜமார் கிளார்க் சுடப்பட்டபோது நான்காவது சரகக் காவல் நிலையத்தின் வாசலில் மக்கள் 18 நாள் முகாமிட்டு உட்கார்ந்தார்கள். 2017 ஜூலையில், வீட்டுக்குப் பின்னால் ஒரு பெண் தாக்கப்படுவதாகச் சந்தேகப்பட்டு போலீஸை அழைத்த ஆஸ்திரேலியப் பெண்மணி ஜஸ்டின் ருசிக்கை, வந்த காவலரே சுட்டுக் கொன்றார். அந்தக் குடும்பத்துக்கு நகரம் 2 கோடி டாலர் இழப்பீடு தந்தது. அந்த ஆண்டுதான் மெடாரியா அரடோண்டோ நகரின் முதல் கறுப்பினக் காவல் தலைவரானார். அதே 2017-இல், காவல்துறை தொடங்கிய 1867 முதல் 150 ஆண்டுக் கணக்கைப் பார்த்து, இதைச் சீர்திருத்தவே முடியாது, கலைப்பதே வழி என்று முடிவு கட்டிய செயற்பாட்டாளர் அறிக்கை ஒன்றும் வெளிவந்தது. ‘ரீக்ளெய்ம் த பிளாக்’, ‘பிளாக் விஷன்ஸ்’ போன்ற குழுக்கள் 2018-இலேயே நகரசபையை நெருக்கி, போலீஸ் நிதியிலிருந்து 11 லட்சம் டாலரை வன்முறைத் தடுப்புப் பணிக்கு மாற்ற வைத்திருந்தன. ஆக, 2020-இல் கேட்ட முழக்கம் கூட்டத்தின் கொதிப்பில் திடீரென்று பிறந்ததல்ல.

2020 மே 25, திங்கட்கிழமை, நினைவு நாள் விடுமுறை. தெற்கு மினியாபொலிஸில் 38-ஆம் தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் மூலையில் உள்ள கடையில் 20 டாலர் கள்ளநோட்டு ஒன்று மாற்றப்பட்டதாகப் போலீஸுக்குத் தகவல் போனது. அதைத் தந்தவர் எனச் சந்தேகிக்கப்பட்ட 46 வயது ஜார்ஜ் ஃபிளாய்டைத் தரையில் குப்புறக் கிடத்தி, கையில் விலங்கிட்ட நிலையில், டெரிக் சோவின் என்ற காவலர் அவர் கழுத்தின்மேல் முழங்காலை அழுத்தினார். முதலில் 8 நிமிடம் 46 விநாடி என்று சொல்லப்பட்டு, அந்த எண்ணே உலகெங்கும் அடையாளமானது; வழக்கு விசாரணையில் அது 9 நிமிடம் 29 விநாடி என்று நிலைநிறுத்தப்பட்டது. அன்றிரவு காவல்துறை வெளியிட்ட செய்திக்குறிப்பு, விசாரணையின்போது உடல்நலக் கோளாறு ஏற்பட்டு ஒருவர் இறந்தார் என்ற பொருளில் இருந்தது. நடைபாதையில் நின்ற 17 வயதுப் பெண் தன் கைபேசியில் எடுத்த காட்சி சில மணி நேரத்தில் அந்தக் குறிப்பைப் பொய்யாக்கியது. அந்தக் காட்சி இல்லையென்றால் குறிப்பு மட்டுமே ஆவணமாக நின்றிருக்கும். சோவின் 19 ஆண்டு பணியில் இருந்தவர். அவர்மேல் குறைந்தது 17 புகார்கள் பதிவாகியிருந்தன. மறுநாளே அவரும் உடனிருந்த மூவரும் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கைது மட்டும் நடக்கவில்லை.

26-ஆம் தேதி மாலை அந்த மூலையில் கூடிய கூட்டம், நால்வரும் பணியாற்றிய மூன்றாவது சரகக் காவல் நிலையத்துக்கு நடந்தது. மினஹாஹா அவென்யூவும் லேக் தெருவும் கூடும் இடம் அது. கண்ணாடி உடைந்தது, கண்ணீர்ப்புகையும் ரப்பர் குண்டும் பறந்தன. 27-ஆம் தேதி எதிரே இருந்த டார்கெட் அங்காடி சூறையாடப்பட்டது. வாகன உதிரிபாகக் கடை எரிந்தது. 28-ஆம் தேதி இரவு மேயரின் உத்தரவின்பேரில் காவலர்கள் நிலையத்தைக் கைவிட்டு வாகனங்களில் வெளியேறினார்கள். கூட்டம் உள்ளே புகுந்து தீ வைத்தது. அமெரிக்காவில் ஒரு பெருநகரக் காவல்துறை தன் நிலையத்தையே விட்டு ஓடிய காட்சி நேரலையில் போனது. மறுநாள் காலை அதே தெருவில் செய்தி சொல்லிக்கொண்டிருந்த சிஎன்என் செய்தியாளரை மாநில ரோந்துப் படையினர் கேமரா ஓடிக்கொண்டிருக்கையிலேயே கைது செய்தார்கள். சோவின் கைதானதும் அந்த 29-ஆம் தேதிதான். ஆளுநர் டிம் வால்ஸ் அடுத்த நாள் மினசோட்டா தேசியக் காவல் படை முழுவதையும் களமிறக்க உத்தரவிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை.

சேதம் விழுந்த இடம் கவனிக்கத்தக்கது. லேக் தெரு என்பது மெக்சிகோ, சோமாலியா, எத்தியோப்பியா என்று பல நாட்டிலிருந்து வந்தவர்கள் சிறு கடை போட்டுப் பிழைக்கும் நெடுந்தெரு. இரட்டை நகரங்களான மினியாபொலிஸிலும் செயின்ட் பாலிலும் ஏறத்தாழ 1,500 கட்டடங்கள் சேதமடைந்தன. இழப்பு 50 கோடி டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது. இரண்டு அஞ்சலகங்கள் எரிந்தன. பூர்வகுடி இளைஞர்களுக்கு ஊடகப் பயிற்சி தரும் அமைப்பின் கட்டடம் எரிந்தது. வங்கதேசத்திலிருந்து வந்த குடும்பம் நடத்திய ‘காந்தி மஹால்’ உணவகமும் தீயில் போனது. போராட்டத்தில் காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்ய இடம் தந்திருந்த கடை அது. கட்டடத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், உயிரைக் கட்ட முடியாது என்ற பொருளில் அதன் உரிமையாளர் சொன்னது நாடு முழுக்கப் பேசப்பட்டது. எல்லாக் கடைக்காரர்களும் அப்படி நினைத்தார்கள் என்று கொள்ள முடியாது. காப்பீடு போதாமல் மூடியவர்கள் பலர். உயிர்ச்சேதமும் உண்டு. 27-ஆம் தேதி இரவு ஓர் அடகுக் கடைக்கு வெளியே ஒருவர் சுடப்பட்டு இறந்தார். எரிந்த இன்னோர் அடகுக் கடையின் இடிபாட்டிலிருந்து ஒருவரின் உடல் ஜூலையில்தான் மீட்கப்பட்டது.

தீ வைத்தவர்கள் யார் என்பதில் அரசியல்வாதிகள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் என்று முதலில் ஆளுநரும் மேயரும் சொன்னது, கைதானவர்களின் முகவரி வெளியானதும் அடிபட்டுப் போனது, பெரும்பாலோர் மினசோட்டாக்காரர்களே. காவல் நிலையத்துக்குத் தீ வைத்த வழக்கில் நான்கு இளைஞர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். எரியும் நிலையத்தின்மேல் 13 முறை சுட்டவர் டெக்சாஸிலிருந்து வந்த அரசு எதிர்ப்பு ஆயுதக் கும்பலைச் சேர்ந்தவர். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், அந்தக் கோடையில் நடந்த ஆயிரக்கணக்கான போராட்டங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை வன்முறையின்றி முடிந்தன. பங்கெடுத்தவர்கள் ஒன்றரைக் கோடிக்குக் குறையாது என்று கருத்துக்கணிப்புகளை வைத்து மதிப்பிட்டார்கள். அந்த 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் வதைபட்டு இறந்தபோது தமிழ்நாட்டிலும் ஃபிளாய்டின் பெயர் அடிபட்டது நினைவிருக்கலாம்.

‘டிஃபண்ட் த போலீஸ்’ (போலீஸ் நிதியை வெட்டு) என்று அட்டைகளில் எழுதிப் பிடித்தவர்கள் மூன்று வெவ்வேறு காரியங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காவல்துறையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. அதன் நிதியில் ஒரு பகுதியை வீட்டுவசதி, மனநலம், இளைஞர் பணி ஆகியவற்றுக்குத் திருப்பினால் குற்றமே குறையும் என்றது இன்னொன்று. இருக்கும் துறையைக் கலைத்துவிட்டுப் புதிய விதிகளோடு மறுபடி கட்டுவது மூன்றாவது. இதற்கு எடுத்துக்காட்டாக நியூஜெர்சியின் கேம்டன் நகரைச் சொன்னார்கள். 2013-இல் அங்கே நகரப் போலீஸ் கலைக்கப்பட்டு மாவட்டப் போலீஸ் உருவானது. ஆனால் கேம்டனில் நடந்தது, பழைய சங்க ஒப்பந்தத்தை உடைத்து அதே காசில் கூடுதல் காவலர்களைச் சேர்த்தது. அதை மேற்கோள் காட்டிய பலருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. ஒரே முழக்கத்தின்கீழ் மூவரும் நடக்க முடிந்தது போராட்டத்துக்குப் பலம். வாக்குச்சீட்டுக்கு வந்தபோது அதுவே பலவீனம்.

ஜூன் 6 அன்று தன் வீட்டருகே கூடிய ஊர்வலத்தில், காவல்துறையை ஒழிக்க உறுதி தருவீர்களா, ஆம் அல்லது இல்லை என்று கேட்டபோது ஃப்ரே இல்லை என்றார். கூச்சலுக்கு நடுவே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியேறினார். மறுநாள் பவுடர்ஹார்ன் பூங்காவின் மேடையில் நகரசபை உறுப்பினர்கள் 9 பேர், தலைவர் லீசா பெண்டர் உட்பட, தற்போதைய காவல்துறைக்கு முடிவு கட்டும் பணியைத் தொடங்குவோம் என்று உறுதியெடுத்தார்கள். 13 இடங்கள் கொண்ட சபையில் மேயரின் ரத்து அதிகாரத்தையும் மீறப் போதுமான எண் அது. உலகச் செய்தியானது. மேடையில் சொன்னதை எப்படிச் செய்வது என்பதற்கு அன்று திட்டம் எதுவும் கிடையாது. ஜூன் 26-இல், ஓர் இடம் காலியாக இருந்த சபை 12-0 என்ற கணக்கில் சாசனத் திருத்தத்தை மக்கள் வாக்குக்கு அனுப்பத் தீர்மானித்தது: 1961-இன் வரியை நீக்குவது, காவல்துறைக்குப் பதில் புதிய பாதுகாப்புத் துறை ஒன்றை அமைப்பது.

அங்கே வந்து நின்றது சாசன ஆணையம். அதன் 15 உறுப்பினர்களையும் நியமிப்பது மாவட்டத் தலைமை நீதிபதி. யாரும் வாக்குக் கேட்டு வந்தவர்கள் அல்ல. ஆகஸ்டு 5-இல் ஆணையம் 10-5 என்று வாக்களித்து, ஆராய இன்னும் 90 நாள் வேண்டும் என்றது. நவம்பர் வாக்குச்சீட்டில் கேள்வியை ஏற்றும் கெடு அதோடு கழிந்தது. திருத்தத்தின் வாசகம் அவசரத்தில் எழுதப்பட்டது என்ற ஆணையத்தின் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் இப்படிப்பட்ட கோபத்துக்கு 15 மாதம் என்பது நீண்ட காலம்.

அந்த இடைவெளியில் இரண்டு காரியங்கள் நடந்தன. துப்பாக்கிச் சாவுகள் ஏறின. 2019-இல் 48 கொலைகள் நடந்த நகரில் 2020-இல் 80-க்கும் மேல். அடுத்த ஆண்டு 90-ஐத் தாண்டியது. பெருந்தொற்று ஆண்டில் அமெரிக்கா முழுவதும் கொலைகள் கூடின என்பதால் போராட்டத்தை மட்டும் காரணம் காட்ட முடியாது. ஆனால் வட மினியாபொலிஸின் தாய்மார்களுக்கு நாடு தழுவிய போக்கு ஆறுதல் ஆகாது. இரண்டாவது, காவலர்களே விலகத் தொடங்கினார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் என்று மருத்துவச் சான்றோடு நூற்றுக்கணக்கானோர் விடுப்பும் இழப்பீடும் கோரினார்கள். 2020-இன் தொடக்கத்தில் 900-ஐ ஒட்டி இருந்த பலம் சில ஆண்டுகளில் 600-க்கும் கீழே போனது. எந்த நகரசபையும் வெட்டத் துணியாத அளவுக்குக் காவல்துறை தானாகவே மெலிந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க பட்ஜெட் போதும். 2020 டிசம்பரில் விடிய விடிய நடந்த கூட்டத்தில், சுமார் 17.9 கோடி டாலர் போலீஸ் நிதியிலிருந்து 80 லட்சம் அளவுக்கு வன்முறைத் தடுப்பு, மனநல அவசர உதவி ஆகியவற்றுக்குத் திருப்பப்பட்டது. 5 விழுக்காட்டுக்கும் குறைவு. காவலர் எண்ணிக்கை இலக்கை 888-லிருந்து 750-க்குக் குறைக்கும் யோசனைக்கு மேயர் ரத்து மிரட்டல் விட்டதும், 7-6 என்ற கணக்கில் அது கைவிடப்பட்டது. பவுடர்ஹார்ன் மேடையில் நின்ற சிலரே பின்வாங்கினார்கள். இரண்டே மாதம் கழித்து, 2021 பிப்ரவரியில், புதிய காவலர்களைச் சேர்க்க 64 லட்சம் டாலரை இதே சபை ஒருமனதாக ஒதுக்கியது.

1961-இன் வரியை நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றவர்கள் வட மினியாபொலிஸ்வாசிகள் 8 பேர். கறுப்பின மக்கள் மிகுந்த, துப்பாக்கிச் சத்தம் அதிகம் கேட்ட பகுதி அது. சாசனம் கேட்கும் அளவுக்குக் காவலர் இல்லை என்பது அவர்கள் வழக்கு. 2020 கணக்கெடுப்பின் மக்கள்தொகை 4,29,954, அதை 1.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 731. அந்த 731 பேரைப் பணியில் வைத்திருக்கும் சட்டக் கடமை மேயருக்கு உண்டு என்று மினசோட்டா உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் தீர்ப்பளித்தது. ஆள் கிடைக்காதபோது என்ன செய்வது என்பது வேறு கேள்வி.

அதற்கு முன்பே மக்கள் வாக்களித்துவிட்டார்கள். செயற்பாட்டாளர்கள் ஏறக்குறைய 20,000 கையெழுத்துத் திரட்டிப் புதிய திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். காவல்துறைக்குப் பதில் பொதுப் பாதுகாப்புத் துறை, தேவைப்பட்டால் அதில் காவலர்களும் இருக்கலாம் என்றது வாசகம். வாசகத்தின்மேல் வழக்கு, அதன்மேல் மேல்முறையீடு என்று போய், முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முந்தைய நாள் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே பிளவு: நாடாளுமன்ற உறுப்பினர் இல்ஹான் ஒமரும், சோவினைக் கூண்டில் ஏற்றிய மாநிலத் தலைமை வழக்கறிஞர் கீத் எல்லிசனும் ஆதரித்தார்கள், ஆளுநர் வால்ஸும் செனட்டர் ஏமி குளோபுஷரும் எதிர்த்தார்கள். 2021 நவம்பர் 2-இல் 56 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். வசதியானவர்கள் வாழும் தென்மேற்கு வார்டு மட்டுமல்ல, வடபகுதியின் கறுப்பின வார்டுகளும் மறுத்தன. ஆதரவு அதிகம் கிடைத்தது தெற்கே, ஃபிளாய்டு இறந்த பகுதியைச் சுற்றி. போலீஸ் வன்முறைக்கும் தெரு வன்முறைக்கும் ஒருசேர ஆளான மக்கள் இரண்டிலிருந்தும் காப்பு கேட்டார்கள். வாக்குச்சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ஃப்ரே மறுபடி மேயரானார். அதே நாளில் மேயரின் அதிகாரத்தை இன்னும் பலப்படுத்தும் வேறொரு திருத்தமும் நிறைவேறியது.

பிற ஊர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் 2020 ஆகஸ்டில் மூன்றில் ஒரு பங்கு, 15 கோடி டாலர், குறைப்பதாக அறிவித்தது. உடனடியாக வெட்டியது 2 கோடி அளவுக்கே, மீதி காவல்துறையிலிருந்து பிரித்து வேறு துறைக்கணக்கில் எழுதும் திட்டம். பெரிய நகரங்கள் போலீஸ் நிதியைக் குறைத்தால் தண்டிக்கும் சட்டத்தை மாநில அரசு 2021-இல் கொண்டுவர, ஆஸ்டின் முன்னைவிடக் கூடுதலாக ஒதுக்கியது. நியூயார்க் 100 கோடி டாலர் குறைத்ததாகச் சொன்னது. பள்ளிக் காவலர்களின் செலவை வேறு தலைப்புக்கு மாற்றிய கணக்கு வித்தை அதில் பெரும்பங்கு என்று விமர்சகர்கள் காட்டினார்கள். வாஷிங்டனில், கழுத்தை நெரிக்கும் பிடிக்குத் தடை, தனிப்பட்ட காவலர்மேல் உரிமையியல் வழக்குத் தொடுப்பதைத் தடுக்கும் சட்டக் கவசத்தை நீக்குதல் ஆகியவை அடங்கிய ஃபிளாய்டு பெயரிலான மசோதா பிரதிநிதிகள் சபையில் 2020-இலும் 2021-இலும் நிறைவேறி, செனட்டில் உயிர்விட்டது. 2020-இல் செனட்டில் அதை முன்வைத்தவர்களில் ஒருவர், தமிழ்நாட்டுத் தாய்வழி கொண்ட கமலா ஹாரிஸ். 2022 மார்ச்சில் அதிபர் பைடனே காவல்துறைக்கு நிதி தருவோம் என்று நாடாளுமன்றத்தில் முழங்கினார். இரு கட்சியினரும் எழுந்து கைதட்டினார்கள்.

மினியாபொலிஸில் தண்டனை வந்தது. 2021 ஏப்ரல் 20-இல் சோவின் மூன்று குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி எனத் தீர்ப்பு. ஜூனில் இருபத்திரண்டரை ஆண்டுச் சிறை. மற்ற மூவரும் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். குடும்பத்துக்கு நகரம் 2.7 கோடி டாலர் தந்தது. மாநிலச் சட்டமன்றம் 2020 ஜூலையிலேயே கழுத்துப் பிடிக்குப் பெரும்பாலும் தடை விதித்து, சக காவலர் அத்துமீறினால் தடுப்பது கடமை என்றாக்கியது. 2021 டிசம்பர் முதல், மனநல நெருக்கடி அழைப்புகளுக்குத் துப்பாக்கி ஏந்தாத மனநலப் பணியாளர்கள் வேனில் போகிறார்கள். போராட்டக்காரர்கள் கேட்டதில் சத்தமின்றி நிலைத்தது இதுதான். இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

சட்டப்படி ஆழமான வெட்டு இரண்டு விசாரணைகளிலிருந்து வந்தது. மாநில மனித உரிமைத் துறை 2022 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, நகர மக்களில் 19 விழுக்காடான கறுப்பினத்தவர்மேல் 2010 முதல் 2020 வரையிலான பலப்பிரயோகங்களில் 63 விழுக்காடு நிகழ்ந்திருந்தது. அந்தக் காலத்தில் போலீஸ் கையால் இறந்த 14 பேரில் 13 பேர் வெள்ளையர் அல்லாதவர். கூட்டாட்சி நீதித்துறையின் 2023 ஜூன் அறிக்கை அதை உறுதிசெய்ததோடு, போராட்டக்காரர்களின் பேச்சுரிமை மீறப்பட்டதையும் மனநலம் குன்றியோர் பாகுபாட்டுக்கு ஆளானதையும் சேர்த்தது. இரண்டும் நீதிமன்றக் கண்காணிப்புக்கு உட்பட்ட ஒப்பந்தங்களில் முடிய வேண்டியவை. மாநிலத்தோடான ஒப்பந்தம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் காவலர் சங்கத்தோடு போட்ட புதிய ஒப்பந்தம் மூன்றாண்டில் 21.7 விழுக்காடு ஊதிய உயர்வு தந்தது. ஆள் சேர்க்க வேறு வழியில்லை என்றார்கள் ஆதரித்தவர்கள், கட்டுப்பாடுகள் போதவில்லை என்றார்கள் எதிர்த்தவர்கள்.

கூட்டாட்சி ஒப்பந்தத்துக்கு நகரசபை ஒப்புதல் தந்தது 2025 ஜனவரி 6-இல், பைடனின் பதவிக்காலம் முடிய இரண்டு வாரம் இருக்கையில். மே 21-இல் டிரம்ப் அரசின் நீதித்துறை அதைக் கைவிட அனுமதி கேட்டது. ஃபிளாய்டின் ஐந்தாம் நினைவு நாள் கழிந்த இரண்டாம் நாள் கூட்டாட்சி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதில் உள்ளதை நாங்களாகவே நிறைவேற்றுவோம் என்று ஃப்ரே அறிவித்தார். மாநில ஒப்பந்தம் தொடர்கிறது. அதன் நிறைவேற்றத்தைத் தனிக் கண்காணிப்பாளர் குழு ஒன்று காலத்துக்குக் காலம் அளந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருகிறது.